எனக்கு நானே போட்ட மார்க்

எங்கள் மேலாளர் கிளேர் வெள்ளிக்கிழமைதோறும் கேக் சுட்டுக் கொண்டுவருவார். மேசையில் வைத்ததுமே, அருமையாக வந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிடுவார். டப்ளினுக்கு வந்து மூன்று வருடமாகியும் அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் ரெட்டியபட்டிப் பக்கம் கறிக்குழம்பு வாசம் தெருவையே தூக்கினாலும், ஆக்கியவள் உப்புக் கூடிப்போச்சு என்றுதான் ஊற்றுவாள். என் அய்யா இன்னும் மோசம். பருத்திக் காடு முழுக்க வெள்ளையாக வெடித்து நிற்கும். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எப்படி இருக்கு என்று கேட்டால், "ஏதோ இருக்கு" என்பார். கண் பட்டுவிடாமல் இருக்க, காட்டின் நடுவே கரிப்பொட்டு வைத்த சட்டியொன்றையும் கம்பில் கவிழ்த்திருப்பார். கேட்டவரும் விளைச்சல் அமோகம் என்று புரிந்துகொண்டு போவார்.

நான் படித்தது தாவரவியல். அருப்புக்கோட்டையில் மூன்று வருடம் பூவைக் கீறி மகரந்தத்தாள் எண்ணியவளை, எந்தப் பட்டமானாலும் சரி என்று சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்துப் பழக்கி இங்கே அனுப்பியது. பிறர் பணம் போட்டிருக்கும் நிதிகளின் மதிப்பைத் தினமும் சரிபார்ப்பது என் வேலை. பிடித்துச் செய்யவில்லை. ஆனால் பூவை எண்ணிய கண்ணுக்குப் பிழை சட்டென்று தட்டுப்படும். மூன்று பேர் பார்த்து விட்டுவிட்டதையெல்லாம் நான் பிடித்திருக்கிறேன். விசாவோ இந்தக் கம்பெனியோடு முடிச்சுப் போட்டது. வேறு இடங்களில் கேட்டால் காமர்ஸ் படித்தாயா என்கிறார்கள். ஊருக்குத் திரும்பினால் பூ எண்ணுகிறவளுக்கு அங்கே யார் வேலை வைத்திருக்கிறார்கள்?

சென்ற வருடம் ஒரு படிவம் வந்தது. அவரவர் வேலைக்கு அவரவரே ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டுமாம். இதென்ன கூத்து என்று வரிசையாக இரண்டு இரண்டாகப் போட்டேன். கிளேர் பார்த்துவிட்டு, இவ்வளவு குறைச்சலா என்று ஏற்றிப்போடுவார் என நம்பினேன். அவர் என் நேர்மையைப் பாராட்டினார். "நீங்கள் இவ்வளவு திணறுவது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே" என்று நிஜமாகவே வருந்தி, என்னை ஆறு மாதக் கண்காணிப்பில் வைத்தார். அதில் தேறினால்தான் விசாவுக்குக் கடிதம்.

அந்த ஆறு மாதமும் மூச்சு முட்டியது. என் ஒவ்வொரு கணக்கையும் இன்னொருத்தி மறுபடி பார்த்தாள். ஒரு தப்பும் அகப்படவில்லை. பாழாய்ப் போன வாயடக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிடிக்காத வேலைக்காக இப்படிப் பயப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

மறுபடி படிவம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டேன். எல்லாக் கட்டமும் ஐந்தாக நிற்பதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடைசிக் கட்டத்தில், கூட்டத்தில் பேசும் திறமைக்கு, ஒரே ஒரு இரண்டு போட்டேன். அய்யாவின் சட்டி.

"இது மட்டும் ஏன்?" என்றார் கிளேர். பருத்திக் காட்டை அவருக்கு எங்கிருந்து விளக்குவது? அதில் கொஞ்சம் தேற வேண்டும் என்றேன். உடனே பேச்சுப் பயிற்சிக்கு என் பெயரை எழுதினார். விசாவுக்கும் கடிதம் கொடுத்தார், இன்னும் இரண்டு வருடத்துக்கு. கடிதத்தை வாங்கும்போது உயிர் வந்தது. கூடவே, இன்னும் இரண்டு வருடமா என்றும் இருந்தது.

அன்று மாலையே அய்யா கூப்பிட்டார். பின்னால் டீக்கடைச் சத்தம்.

"எப்படித்தா இருக்க?"

முதன்முறையாக எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"ஏதோ இருக்கேன்யா."

அய்யா சிரித்தார். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "ஏதோ இருக்காளாம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

"பெறகென்ன" என்று அவர் குரலும் கேட்டது.