படத்துக்கு வெளிச்சம் பிடித்தவன்

பதினேழு வயதில் திருஇருதய ஆண்டவரின் முகத்தை வெள்ளையாக அழித்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காதருகே நுளம்பு பாடுவதுபோல மெல்லிய ஓசையோடு சூடேறும் பழைய பிளாஷ் எதையாவது கேட்டால், இன்றைக்கும் அந்தக் குற்றந்தான் நினைவுக்கு வருகிறது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு 'ஹோல்' சுவரில் கண்ணாடி போட்ட பெரிய ஆண்டவர் படம் இருந்தது. முதல்நன்மையோ பிறந்தநாளோ, எதுவானாலும் அதன் கீழே நின்றுதான் குடும்பப் படம் எடுக்க வேண்டும். சித்தப்பா விட்டுப்போன கமராவின் தலையில் பிளாஷைச் செருகி நான் எடுத்த படங்களிலெல்லாம், ஆண்டவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் ஒரு வெள்ளைப் பந்தாக நின்றது. பக்கத்து வீட்டு மாமி அதை அருளொளி என்று நம்பி ஒரு பிரதி கேட்டு வாங்கினாள். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிளாக்காக இருந்த அப்பா நம்பவில்லை. "உனக்கு முன்னால நிக்க ஆண்டவருக்கே கண் கூசுது," என்றார்.

அந்த ஆண்டுதான் அண்ணாவுக்குக் கனடா விசா கிடைத்தது. அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அவன் போறதுக்கு முதல் நாங்கள் அஞ்சு பேரும் ஒண்டா நிக்கிற படம் ஒண்டு வேணும். ஆண்டவர்ட முகமும் தெரியோணும்."

பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றிப் பக்கவாட்டில் வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்காது என்று நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்தேன். புறக்கோட்டையில் பாவித்த சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் போனேன். என் கையிலிருந்த காசுக்கு இரண்டு வழி இருந்தது: சின்ன பிளாஷ், வயர், அதை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்ட், அல்லது பெரிய பிளாஷும் வயரும் மட்டும். பெரியது பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அதையே தூக்கினேன்.

"தம்பி, சின்னத எடுத்து ஸ்டாண்டையும் எடுங்க," என்றார் நானா. "ஒரு கை கமராக்கு, ஒரு கை இதுக்கு. மூக்குல ஈ குந்தினா என்ன செய்வீங்க?"

பெரிய கலைஞர்கள் கையில்தான் பிடிப்பார்கள் என்று நான் விளக்கினேன். அவர் பெரியதையே கடதாசியில் சுற்றித் தந்தார்.

அண்ணா புறப்படும் பின்னேரம், அப்பா, அம்மா, அக்கா, அண்ணா நால்வரையும் படத்தின் கீழே நிறுத்தினேன். கமராவை மேசையில் வைத்தால் பத்து வினாடியில் அது தானாகவே படம் எடுக்கும். நானும் ஓடிப்போய் நின்றிருக்கலாம். ஆனால் பிளாஷைப் பிடிக்க ஆள் வேண்டுமே. இடது கையை நீட்டிப் பிளாஷைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"நீயும் வந்து நில்லன்," என்றாள் அம்மா.

"வெளிச்சம் பிடிக்க வேணும் அம்மா. இது சரிவந்தா அடுத்ததில நிக்கிறன்."

ஒன்று எடுத்தேன். வாசலில் வான்காரன் ஹோர்ன் அடித்தான். அப்பா பெட்டியைத் தூக்கினார். அடுத்தது எடுக்கப்படவே இல்லை.

ஸ்டூடியோவிலிருந்து படம் வந்தபோது அண்ணா போய் ஒரு கிழமை ஆகியிருந்தது. ஆண்டவரின் முகம், தாடி, கண்ணில் உள்ள சோகம்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன். அம்மா ஜன்னலடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டு போனாள். நாலாவதில் விரல் நின்றுவிட்டது.

"அஞ்சு பேர் எண்டெல்லே சொன்னனான்," என்றாள்.

அண்ணா திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார். பிறகு அம்மாவும். வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. ஆண்டவர் படம் அக்காவோடு ஊர் மாறிப் போயிற்று. அந்த ஒற்றைப் படம் மட்டும் வெள்ளவத்தையில் என் அறைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்து, வீட்டில் நான் இல்லாத நேரம் எடுத்ததா என்று கேட்கிறார்கள். நானும் ஓம் என்றுவிடுகிறேன்.

போன மாதம் மறுபடி ஆசை வந்து, வயரே இல்லாமல் தூரத்திலிருந்து எரியும் மலிவான பிளாஷ்கள் இரண்டைத் தெரிவுசெய்து, எதை வாங்கலாம் என்று அண்ணாவிடம் வீடியோ அழைப்பில் அரைமணி நேரம் விளக்கினேன். இதன் பலம் இது, அதன் பற்றரி இப்படி என்று. அவருக்குப் பின்னால் சுவரில் அதே படத்தின் பிரதி தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு அண்ணா சொன்னார்:

"எதையெண்டாலும் வாங்கு. முதல்ல ஸ்டாண்டை வாங்குடா."