எதற்கென்று கேட்டவன்

பாலகிருஷ்ணன் இறந்த செய்தி திருத்தணிக்குத் தந்தியாக வந்தபோது அவன் தந்தை கழனியில் நின்றிருந்தார். தந்திக்காரர் வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைக் கண்டதுமே நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்துவிட்டார்களாம். போர்க்காலத்தில் தந்தி எதற்கு வரும் என்பது எழுத்தறியாதவர்களுக்கும் தெரியும். லெப்டினன்ட் பாலகிருஷ்ணன், பர்மா எல்லையில். அவ்வளவுதான் செய்தி.

கல்லூரிப் பயிற்சிப் படையில் அவனோடு அணிவகுத்து நடந்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அடுத்த வாரம் கல்லூரியில் அவன் படத்தைத் திறக்கிறார்கள். அங்கே என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் முந்திக்கொள்கிறேன்.

நாமெல்லாம் எதற்காகச் சேர்ந்தோம்? காக்கிச் சட்டைக்கும், அணிவகுப்பு முடிந்ததும் கிடைத்த சிற்றுண்டிக்கும். பாலு வேறு ரகம். தன்னைவிட மூத்த ஆட்களை "வாடா, போடா" என்று ஏவிப் பழகிய வீட்டில் வளர்ந்தவன். பயிற்சி தந்த வெள்ளைக்கார மேஜர் முதல் வாரமே அவனை வரிசைக்கு முன்னால் நிறுத்தி, "இவன் பிறவித் தலைவன்" என்றார். அவனுக்குப் பிறவியில் வந்தது தலைமையல்ல, நிலம். மேஜருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒரு முறை முகாமைத் திருத்தணிப் பக்கமே போட்டார்கள். நந்தியாற்றில் அப்போதுதான் புதுவெள்ளம் வந்திருந்தது. கோடையில் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி இறைப்பார்கள். குழியை யாரும் மூடுவதில்லை. வெள்ளம் வந்துவிட்டால் குழி எங்கே என்று தெரியாது. அந்த இடத்துக் குழிகள் பாலுவின் அப்பா வெட்டவைத்தவை. ஆனால் மேஜரின் வரைபடத்தில் கடக்கும் துறை என்று குறித்திருந்தது அதே இடம்தான். பாலு ஒரு கணம் நின்றான். மேஜர் வரைபடத்தைத் தட்டினார். பாலு இறங்கினான். நாமும் இறங்கினோம். நடுவாற்றில் நம் சீனிவாசன் குழியில் அமிழ்ந்து காணாமல் போனான். துப்பாக்கி வாரைப் பிடித்து இழுத்து, குடித்த தண்ணீரைக் கக்கவைத்தோம்.

ஒருவரும் தயங்கவில்லை என்று மேஜர் பாராட்டினார். பாலு அன்று சாப்பிடவில்லை.

"இன்னாடா, மேஜரே கை குடுத்துட்டாரு. மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீறே?" என்றேன்.

"குழி இருக்குதுன்னு எனக்குத் தெரியும்டா."

"அப்புறம் ஏன் எறங்கினே?"

"எறங்குன்னாங்க, எறங்கினேன். நீங்க ஏன்டா எறங்கினீங்க?"

"நீ எறங்கினே."

"அதான்டா பயமா கீது" என்றான்.

பயந்தவன் விலகவில்லை. போர் முற்றியதும் அந்தப் பயிற்சியே அவனை அதிகாரியாக்கியது. விடுப்பில் உடுப்போடு ஊருக்கு வந்தான். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையிலிருந்து அவன் வீட்டுக் கழனிக்கு வேலைக்கு வரும் ஆட்கள் அவனைப் பார்த்தே படையில் சேர்ந்தார்கள். ஊரில் அவர்களுக்குக் கூழுக்கே வழியில்லை. படையில் மூன்று வேளையும் சோறு. அவர்களைத் தன் பிரிவுக்கே கேட்டு வாங்கிக்கொண்டான். அரக்கோணம் ரயிலடியில் அவன் அப்பா, "நடவுக்கு ஆளில்லாம பண்ணிட்டியேடா!" என்று புலம்பினார். அவர் கவலை அது.

முனுசாமி என்பவன் வண்டி ஜன்னலிலிருந்து சிரித்தான். "பெரியய்யா, திரும்பி வந்து நட்டுத் தரேங்க."

நான் பாலுவைத் தனியே இழுத்தேன். "இத்தினி பேரைக் கூட்டினு போறியே, என்னா ஆவறது?"

"கூட்டினு போறவன் கூட்டினு வருவேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

முனுசாமி சென்ற வாரம் ஊர் திரும்பினான். இடது கை இல்லை. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எதிர்க் குன்றுலேர்ந்து மெஷின்கன் சுட்டுகினே இருக்குதுங்க. பட்டப்பகல்ல ஏறச் சொல்லி பெரிய ஆபீசருங்ககிட்டேருந்து போன்ல உத்தரவு. சின்னய்யா எதுக்குன்னு கேட்டாரு. இங்கிலீஷ்லதான் கேட்டாரு, ஆனா எனக்குப் புரிஞ்சிச்சு. இருட்டினதும் போறோம்னாரு. அந்தப் பக்கம் ஒரே கத்தல். போனை வச்சிட்டு எங்களப் பார்த்தாரு. 'நீங்க படுங்கடா. நான் போயி வழி பார்த்துட்டுக் கூப்பிடறேன்'னாரு. கூப்பிடவே இல்லீங்க. தூக்கியாரப் போனப்பதான் என் கையில பட்டுது."

"மத்தவங்க?"

"அன்னிக்கு எல்லாரும் பொழைச்சிகினாங்க. ரெண்டு நாள் கழிச்சி வேற ஆபீசர் வந்தாராம். அவரும் காலேஜுலேர்ந்து வந்தவர்தான். நல்ல மனுசன்னு சொல்றாங்க." முனுசாமி தரையைப் பார்த்தான். "அவரு கேக்கலீங்க. ஏறுன்னாங்க, கூட்டினு ஏறிட்டாரு. ஒருத்தரும் திரும்பலியாம்."

கண்டிகைக்கு இன்னும் ஒரு தந்தியும் வரவில்லை. முனுசாமியைப் பார்க்கும் பெண்கள் தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி விசாரிக்கிறார்கள். பின்னால் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

படத்திறப்பில், கட்டளையைத் தலைமேல் தாங்கிய மாணவன் என்று பாலுவைப் புகழ்வார்கள். நான் எழுந்து மறுப்பேன். முனுசாமியையும் அழைத்துப்போய், பாலுவின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைப்பேன். வீரன் என்ற சொல்லை மேடைக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். அந்தக் குன்றடியில் என் நண்பன் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் போதும். கல்லூரி மைதானத்தில் இந்த ஆண்டு பயிற்சிப் படையில் சேர்ந்தவர்கள் அணிவகுத்து நடந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மட்டும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தரப் போவதில்லை.