மஞ்சள் வைத்த ஃபிராக்

மகளின் துணிக்கென்று என் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். தோள், மார்பு, உயரம். ஆர்டர் போட்ட நாள், திருப்பி அனுப்பக் கடைசி நாள், அதற்கொரு அலாரம். அவளைக் கடைக்கு அழைத்துப்போக நேரமில்லாத குற்றவுணர்வை இப்படி ஒழுங்காக அடுக்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆறாவது பிறந்தநாள். நேற்று ஃபிராக் வந்தது. பிரித்ததும் கழுத்துப் பட்டியின் உட்புறம் மஞ்சள் தொட்டு வைத்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கைக்கு இருக்கிறது போலும்.

பிறகுதான் போட்டுப் பார்த்தோம்.

"கை உள்ள போக மாட்டேங்குதும்மா."

பட்டியலைத் திறந்தேன். அளவெடுத்தது போன தீபாவளிக்கு.

இன்று காலை ஃபிராக்கைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர் வாசலிலேயே விரித்துப் பார்த்தார்.

"கறை இருக்குங்க. எடுக்க முடியாதே."

"கறை இல்லண்ணே, மஞ்சள்."

"எனக்குத் தெரியுதுங்க. போனுக்குத் தெரியாதே. கறை இருக்கா, ஆமா, இல்லைன்னு ரெண்டு பட்டன்தான்."

சங்கடமாகச் சிரித்தார். "எங்க வீட்ல மஞ்ச டப்பாவ ஒளிச்சு வச்சுட்டுத்தான் பார்சலையே பிரிப்போம்."

அவர் போனதும் மகள் அழுவாள் என்று நினைத்தேன். "அப்ப கடைக்குப் போலாமா? நீயும் வருவியா?" என்று கேட்டாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் தெற்கு வீதித் துணிக்கடைகள்.

ஐந்து வயதுப் பெண்பிள்ளை இருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள். ஒருமுறைகூட உடுத்தாத ஃபிராக். மஞ்சள் வைக்கும் வேலையும் உங்களுக்கு மிச்சம்.