உறவினர் என்ற கட்டம்

ஊரடங்கில் ஜி.எஸ்.டி. சாலையில் நடந்துபோன வடநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்ததில் ஆரம்பித்தது எங்கள் அமைப்பு. செங்கல்பட்டில் ஒரு மாடி அறை, நாங்கள் நான்கு பேர். சோற்றைவிட அவர்களுக்குத் தேவைப்பட்டது படிவம் நிரப்பித் தரும் ஆள் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் தொழிலாளர் நல வாரிய அட்டை வாங்க எங்களிடம் வந்தார்கள்.

படிவத்தில் ‘அவசரத்துக்கு அழைக்க உறவினர் எண்’ என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். ஊரில் இவர்கள் வீட்டு எண் அடிக்கடி மாறும் என்று நானாகவே முடிவுகட்டி, எல்லோருக்கும் அலுவலக எண்ணையே எழுதினேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அப்படி அட்டை வாங்கியவர்களில் ஒருவர் கோவளம் அருகே சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். மருத்துவமனையிலிருந்து கான்ஸ்டபிள் கூப்பிட்டார்.

“மேடம், இவரு அட்டைல உங்க நம்பர்தான் கீது. அவருக்கு நீங்க இன்னா வேணும்?”

“சொந்தம்லாம் இல்ல சார். அது ஆபீஸ் நம்பர்.”

“அப்ப அவரு வூட்டு நம்பரு சொல்லுங்க.”

என்னிடம் இல்லை. அவருடைய போன் விழுந்ததில் நொறுங்கிப்போயிருந்தது. மேஸ்திரி போனை அணைத்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள். படிவத்தில் இருந்தது மாவட்டத்தின் பெயர் மட்டும். அங்கே போலீஸ் அனுப்பிய தகவலுக்குப் பதில் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, நானே கையெழுத்துப் போட்டு உடலை வாங்கினேன். அடக்கம் செய்தோம். அழுகை வரவில்லை. திரும்பும் வழியில் டீ குடித்தேன், சர்க்கரை கம்மி என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து அலுவலகத்துக்கு ஒரு பெண்ணின் அழைப்பு. இறந்தவருடைய மனைவி. அவர் போனுக்கு அழைப்பே போகவில்லை, அவசரத்துக்கென்று அவர் கொடுத்திருந்த இன்னொரு எண் இது என்றாள். என் அரைகுறை இந்தியில் நடந்ததைச் சொன்னேன். எரித்தீர்களா என்று கேட்டாள். புதைத்தோம் என்றேன். எங்களில் எரிப்பார்கள் என்றாள். சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

ஏன் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள். உங்கள் எண் எங்களிடம் இல்லை என்றேன்.

“அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே,” என்றாள். “கல்யாணமானதிலிருந்து எனக்கு ஒரே எண்தான். அவருக்கு மனப்பாடம்.”