நாங்கள் வெள்ளை அடித்த கோயில்

மரபுரிமைப் பட்டியலில் ஒரு கட்டடத்தை ஏற்றுவது எப்படி என்று என்னிடம் யாரும் கேட்டு வராதீர்கள். ஒருமுறை ஏற்றினேன். போதும்.

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருக்கிற ரோவிலிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓடினால், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவில் அந்தச் செங்கல் தேவாலயம் நிற்கும். ரோமனெஸ்க் பாணி: அரைவட்ட வளைவுகள், தடித்த சுவர்கள், சின்னச் சின்ன யன்னல்கள். ஒரு காலத்தில் இங்கே வந்து குடியேறிய ஐரிஷ் குடியானவர்கள் கட்டியது. அவர்களுடைய வாரிசுகள் நகரத்துக்குப் போய்விட, பூட்டிக் கிடந்ததை மறைமாவட்டம் எங்களுக்குப் பாவிக்கத் தந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். அதுவரை நகரத்துக் கோயிலொன்றில் பின்னேரம் நாலு மணிக்கு எங்களுக்கு ஒரு பூசை. ஐந்தரைக்குக் கதவு பூட்டுகிற மனிதர் வாசலில் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். மாதா பாட்டு பாதியில் நின்றுவிடும். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இங்கே எங்களை எழுப்பிவிட ஆளில்லை.

மூன்றாம் வருடம், விற்கப் போகிறோம் என்று மறைமாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் எழுதத் தொடங்கிவிடுவேன். விண்ணப்பம் எழுதினேன். பட்டியலில் ஏறிவிட்டால் இடிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. வாங்க ஒருவரும் வரமாட்டார்கள், கோயில் எங்களிடமே இருக்கும் என்று நினைத்தேன். உட்சுவர்களின் செங்கல் இதுவரை பெயின்ற் படாதது, அதுதான் இதன் அருமை என்ற வரியை எழுதியதும் நான்தான். உட்சுவர்களோடு சேர்த்தே பட்டியலில் ஏறியது. விற்பனை நின்றது. பூசை முடிந்து எல்லாரும் கைதட்ட, நான் என்னவோ பெரிய ஆள் மாதிரி நின்றேன்.

அந்த வருட மாதா திருவிழாவுக்கு இரண்டு கிழமை முன்னால் அண்ணை போன் எடுத்தார். கூடப் பிறந்தவர் இல்லை. ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓடுகிறவர். எங்கள் திருவிழாவைத் தலையில் சுமக்கிறவர்.

“தங்கச்சி, உள்ளுக்கு வெள்ளை அடிப்பம். செங்கல் தெரியக் கிடக்கிறது பூசி முடியாத வீடு மாதிரியெல்லோ கிடக்கு. மாதாவுக்கு வெக்கமில்லையே?”

ஊரில் கொடியேற முன்னர் கோயிலுக்கு வெள்ளை அடிக்காமல் விட்டால் பங்கு மக்களுக்கே மானக்கேடு. ஆனால் இங்கே அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? அந்த வரியை எழுதிய கை என்னுடையதுதானே! உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் செங்கல் ஒருநாளும் பிடித்ததில்லை. மாடு மேய்கிற இடத்துக்கு எந்த அதிகாரி வரப் போகிறார் என்ற துணிச்சல் வேறு. “அடியுங்கோ அண்ணை” என்றேன். தெரிந்தே சொன்னேன்.

ஏழெட்டு ஆம்பிளைகள் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று, ஹாட்வெயார் கடைப் பிளாஸ்டிக் பெயின்றால் வளைவுகள் வரைக்கும் அடித்து முடித்தார்கள். திருவிழா அன்று உள்ளே கால் வைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு வடிவு.

அடுத்த மாதமே மரபுரிமை அதிகாரி வந்துவிட்டாள். விண்ணப்பம் எழுதும்போது எனக்கு உதவியவள், என் எழுத்தை மெச்சியவள். வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தப் பெயின்ற் சுவருக்குள் ஈரத்தைப் பூட்டிவிடும், உரித்தால் செங்கலின் முகமும் சேர்ந்து உரியும் என்றாள். மறைமாவட்டத்து ஆளும் கூட வந்திருந்தார். எங்களை வெளியேற்ற ஒரு சாட்டுக் கிடைத்த சந்தோசம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

“யார் அனுமதி கொடுத்தது? உங்களுக்குத் தெரியுமா?” என்று அவள் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தெரியாது” என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது, சீ!

பக்கத்தில் அண்ணை நின்றார். ஆங்கிலம் பேச மாட்டார், ஆனால் விளங்கும். என்னை ஒருதரம் பார்த்தார். கோபமாவது பட்டிருக்கலாம் அந்த மனிதர்.

“ஓம், நான்தான் செய்விச்சனான் எண்டு சொல்லும் தங்கச்சி. உமக்கு ஒண்டும் தெரியாதெண்டும் சொல்லும். உம்மை நம்பியெண்டாலும் கோயிலை எங்களிட்ட விடுவினம்.”

அதை ஒரு சொல் விடாமல் நானே ஆங்கிலத்தில் சொன்னேன். மறைமாவட்டத்து ஆள் கையை நீட்டினார். அண்ணை தன் திறப்புக் கொத்திலிருந்து கோயில் கதவின் திறப்பைக் கழற்றிக் கொடுத்தார். அதிகாரி என் தோளைத் தொட்டு, “உங்கள் உழைப்பையெல்லாம் இப்படிப் பாழாக்கிவிட்டார்களே” என்று எனக்காக இரங்கினாள்.

நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.