தெருமுனைச் சுவிட்ச்

ஷஹ்லாவைப் போலக் கோட்டை பிடிக்கத் தெரிந்தவள் பாக்தாத்தில் இன்னொருத்தி கிடையாது. ஆனால் வீட்டுப் படியைத் தாண்ட அவளுக்கு வழியில்லை. சந்தையில் குண்டு வெடித்து அப்பா போனதும் அண்ணன் முஹன்னத் அவள் கல்லூரியை நிறுத்திவிட்டான். பிறகு ஊர் அடங்கியது, தெருப் பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள், வழியில் ஐஸ்கிரீம் தின்றார்கள். அவன் பயம் மட்டும் அடங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள். தங்கமான பிள்ளை, என்ன செய்வது!

அவளிடம் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் இருந்தது. ஐந்து பேர் அணி சேர்ந்து கோட்டை பிடிக்கும் ஆட்டம். ஆட்கள் வெறும் சதுரக் கட்டைகள், மூஞ்சிகூடக் கிடையாது. ஆனால் எந்தச் சுவரையும் உடைக்கலாம், எந்தக் கூரையிலும் ஏறலாம். 'ராஜாளி' என்று பெயர் வைத்துக்கொண்டு, குரல் காட்டாமல் எழுத்திலேயே நாலு பையன்களை ஆட்டிவைத்தாள். அவர்கள் அவளை ஆண்பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த முஹன்னத்துக்கு அது பிடிக்கவேயில்லை. "இதெல்லாம் ஒரு படமா? செங்கல்லும் செங்கல்லும் சண்டை போடுது!"

அந்தச் செங்கல் அணிதான் இறுதிப் போட்டிக்கு வந்தது. பாக்தாத்தின் மன்சூர் பகுதியில் மண்டபம், மேடை, கூட்டம்.

"அண்ணா, ஒரே ஒரு நாள். நீயும் கூட வா."

"கூட்டத்துக்கா? என் பொணத்தத் தாண்டிப் போ."

அந்த வாரமே கடையிலிருந்து பெரிய கம்ப்யூட்டர் இயந்திரம் ஒன்றைத் தூக்கிவந்து மாட்டினான். அதில் வேறொரு ஆட்டம். திரையில் ஒரு நகரம், மழை, பழக்கடை. அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "அட அல்லாவே, அந்த மாதுளைய எடுத்துத் தின்னலாம் போலிருக்கே!"

"பாத்தியா, ஊரையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன். இன்னும் எங்க போகணும் உனக்கு?"

ஷஹ்லா அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் சித்திரக் கதவு.

"அழகா இருக்குண்ணா. ஒண்ணும் தொறக்கல."

"கதவு எதுக்கு? மழையப் பாரு! ஒவ்வொரு துளியிலயும் வெளக்கு தெரியுது."

"பாத்துட்டேன். அப்புறம்?"

"அப்புறமாவது கிப்புறமாவது! கொழுப்புடி உனக்கு."

அரசு மின்சாரத்தை நம்பி யார் வாழ்கிறார்கள்? தெருமுனைத் தனியார் ஜெனரேட்டரில் மாதக் காசு கட்டி ஐந்து ஆம்பியர் மின்சாரம் வாங்கியிருந்தார்கள். அந்த இயந்திரமும் ஏர் கூலரும் சேர்ந்து ஓடினால் போதும், ஜெனரேட்டர் பக்கத்துப் பலகையில் இவர்கள் சுவிட்ச் விழுந்துவிடும். யாராவது இறங்கிப் போய் ஏற்ற வேண்டும். அதனால் கூலரை அணைத்துவிட்டு அம்மா அட்டையால் விசிறிக்கொண்டாள். "நீ ஆடு கண்ணு, எனக்குப் புழுங்கல" என்பாள், வேர்வை வழிய. அதைக் கேட்கக் கேட்க ஷஹ்லாவுக்கு அழுகை முட்டும்.

வீட்டிலிருந்தே ஆடலாம் என்று போட்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். போட்டியன்று கடைக்குக் கிளம்புமுன் முஹன்னத், தங்கை சந்தோஷப்படட்டுமே என்று, பெரிய இயந்திரத்தில் போட்ட செங்கல் ஆட்டத்திலும் படத்தின் தரத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டுப் போனான். கட்டைகளுக்கெல்லாம் நிழலும் மினுக்கும் வந்திருந்தன. ஆடிக்கொண்டிருக்கும்போது வெயில் தாங்காமல் அம்மா கூலரைப் போட, வீடே நின்றுபோனது.

செல்போனில் செய்தி வந்தது. "ராஜாளி, எங்கடா தொலைஞ்ச? கொஞ்ச நேரந்தான் நிறுத்தி வைப்பாங்களாம்!"

அண்ணன் போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. ஷஹ்லா கறுப்பு அபாயா அங்கியை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

ஜெனரேட்டர்க்கார ஹாத்திம் தேநீர்க் குவளையும் கையுமாகத் திகைத்தார். "முஹன்னத் தங்கச்சியா? நீ வெளியூருக்குக் கட்டிக்குடுத்துப் போயிட்டேன்னுல்ல நெனச்சேன்!"

"இங்கதான் இருக்கேன் மாமா. சுவிட்ச ஏத்துங்க, சீக்கிரம்."

அவர் ஏற்றினார். அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தூசி, தொங்கும் ஒயர்கள், கிழிந்த சோபா. லட்சணம் ஒன்றுமில்லை. ஆனால் இடப்பக்கம் போனாலும் வழி, வலப்பக்கம் போனாலும் வழி. கைகாட்டினால் மன்சூருக்கு டாக்சி நிற்கும். ஆனால் நாலு பேர் காத்திருக்கிறார்களே! மாடிக்கே ஓடினாள்.

மறுபடி சுவிட்ச் விழாமலிருக்கப் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள். நிழலும் மினுக்கும் போயின, எதிரணிக் கோட்டை விழுந்தது. ஜெயித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் ஒலிபெருக்கியில் மன்சூர் மண்டபமே கத்தியது: "ராஜாளி! மேடைக்கு வா!"

"உன்னையா கூப்பிடறாங்க?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"போயேன்டி..." என்று சொல்லிவிட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வந்த முஹன்னத் திரையைப் பார்த்துப் பதறினான். "படம் ஏன் இப்படிக் கெடக்கு? உச்சத்துல வெச்சிட்டுப் போனேனே!"

"அதுலதான் லைன் விழுந்துச்சு. நானே கீழ போய் ஏத்திட்டு வந்தேன்."

அவன் முகம் வெளுத்தது. "தனியாவா? ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகலண்ணா. பாரு, முழுசா நிக்கறேன்."

அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தான். இனி வெளியே போகச் சம்மதிக்கப்போகிறான் என்று அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலை ஹாத்திமைக் கையோடு கூட்டிவந்தான். தெருமுனைச் சுவிட்சைக் கழற்றி, ஷஹ்லாவின் மேசைக்குப் பக்கத்துச் சுவரில், உட்கார்ந்தபடியே கைக்கெட்டும் இடத்தில் மாட்டவைத்தான்.

"இனி நீ கீழ எறங்கவே வேணாம் கண்ணு" என்றான், வாயெல்லாம் பல்லாக.