உடைந்த பற்கள்

சூசைநாதன் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து கார் பட்டறையில் இன்ஜின் பழுது பார்க்கும் பிட்டர். அன்று பட்டறைக்கு வந்த முதலாளியின் ரேஸ் காரில் எண்ணெய் பம்ப் மறுபடியும் உடைந்திருந்தது. கிள்ளான் ரோட்டில் எண்ணெய் ஓடாமல் இன்ஜின் இறுகி, கார் பள்ளத்தில் இறங்கி, டிரைவர் வடமலைக்குக் கை முறிந்திருந்தது.

“எண்ணெய் ஊத்தாம ஓட்டிட்டு பம்ப் மேல பழி போடுறான்லா. இனி இவன் வேணாம்,” என்றார் முதலாளி, ஓரமாக நின்ற வடமலையைக் காட்டி.

சூசைநாதன் இன்ஜினைத் திறந்தார். எண்ணெய் நிறைய இருந்தது. பம்ப்புக்குள் இருக்கும் கியர் பற்கள்தான் நொறுங்கியிருந்தன. வேகத்துக்காக இன்ஜினில் சுழலும் கனத்த சக்கரத்தைக் கடைந்து மெலிதாக்கிய பிறகுதான் இந்தத் தொல்லை. வேகம் ஏறினால் இன்ஜின் நடுங்கியது. அந்த நடுக்கம் பற்களை உடைத்தது.

“பழைய கனத்துலயே சக்கரம் போடணும், முதலாளி.”

“போட்டா தோத்துடுவேன்யா.”

“தோத்தாலும் இவன் உசுரோட வீடு திரும்புவான்.”

முதலாளி வடமலையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “போடு,” என்றார்.

கை கூடியபின் வடமலை ஓட்டிய பந்தயத்தில் கார் கடைசியாக வந்தது. பம்ப் உடையவில்லை.